சொல்லிருந்தும் ஊமையரோ?

பாடுவதற்கும் வாழ்த்துவதற்கும் மொழி பயன்படுவது போலவே, எண்ணுவதற்கும் ஐயுறுவதற்கும் ஆராய்வதற்கும் அது பயன்பட வேண்டும். பாட்டுக்கு ஒரு மொழி, ஆராய்ச்சிக்கு வேறொரு மொழி என்று பிரித்துக்கொண்ட இனம், நாளடைவில் முன்னதை அணிகலனாக்கிப் பேழையில் வைத்துப் பூட்டிவிடும். பெங்களூருவில் வாழும் தமிழராகிய நாம் இன்று அந்நிலையில்தான் இருக்கிறோம். பொங்கல் விழாவில் தமிழ் உண்டு. பட்டிமன்றத்தில் தமிழ் உண்டு. திருமண அழைப்பிதழில் தமிழ் உண்டு. நம் பிள்ளைகளின் அறிவியற் புத்தகத்தைத் திறந்த அளவிலே தமிழ் வாயடைத்து வாயிலில் நின்றுவிடுகிறது. இந்நிலையை எவரும் நம்மீது சுமத்தவில்லை. நாமே உண்டாக்கினோம், நாமே மாற்றவும் கடமைப்பட்டுள்ளோம். இதுவே இக்கட்டுரை தொடுக்கும் வழக்கு.

வழக்கின் வரம்பை முதலிலேயே கூறிவிடுவோம். பள்ளியில் ஆங்கிலத்தை நீக்குக என்று நாம் கேட்கவில்லை. குழந்தையின் பயிற்றுமொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோர்க்கே உண்டு என்று கருநாடக அரசின் மொழிக் கொள்கை பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. நம்மவர் அவ்வுரிமையைக் கொண்டு ஆங்கிலத்தைத் தேர்ந்தனர். பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் அவ்வாறு செய்ததில் வியப்பில்லை. பள்ளிக்கூடம் போகட்டும், வீடு நம்முடையதன்றோ? ஞாயிற்றுக்கிழமை நம்முடையதன்றோ? சங்கத்தின் மேடை நம்முடையதன்றோ? அங்கெல்லாம் உயிரியலின் அடிப்படைச் சொற்களும் அறிவியல் முறையின் அடிப்படைச் சொற்களும் தமிழில் ஏன் ஒலிக்கவில்லை என்பதே நம் வினா.

விளங்காத சொல்லும் விளங்கும் சொல்லும்

ஏழாம் வகுப்பில் பயிலும் நம் பிள்ளையை அழைத்து, 'போட்டோசிந்தசிஸ் என்றால் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் நான்கு வரி ஆங்கிலம் வரும். 'சரி, இலை என்ன செய்கிறது? பாட்டிக்குப் புரியும்படி சொல்' என்று கேளுங்கள். பிள்ளை விழிக்கும். நான்கு வரியையும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அவ்வரிகளைத் தான் நாள்தோறும் காணும் கறிவேப்பிலைச் செடியோடு இணைக்கும் பாலம் இல்லை.

அந்த ஆங்கிலச் சொல்லேனும் தன் பொருளைத் தானே சொல்கிறதா? அது கிரேக்க வேர்களால் கட்டப்பட்டது. 1893-இல் சார்லசு பார்ன்சு என்னும் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் இரண்டு சொற்களை முன்மொழிந்தார். அவர் பெரிதும் விரும்பியது 'போட்டோசிண்டாக்ஸ்' என்பதையே. உலகம் மற்றதை ஏற்றுக்கொண்டது. அச்சொல் வானத்திலிருந்து இறங்கவில்லை. மாந்தர் ஆக்கினர், மாந்தர் வழங்கினர், அதனால் நிலைத்தது. தமிழில் 'ஒளிச்சேர்க்கை' என்கிறோம். ஒளி என்னவென்று குழந்தைக்குத் தெரியும். சேர்க்கை என்னவென்றும் தெரியும். ஒளியின் துணையால் நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து உணவாக்கும் செயல் என்று விளக்க, அதன்பின் ஒரு வாக்கியம் போதும்.

இவ்வாறே 'இருவாழ்வி' என்ற சொல், தவளை நீரிலும் நிலத்திலும் வாழ்வதைச் சொல்லும்போதே காட்டிவிடுகிறது. 'பாலூட்டி', 'ஊனுண்ணி', 'முதுகெலும்பிலி', 'நீராவிப்போக்கு', 'பச்சையம்', 'தன் மகரந்தச் சேர்க்கை', 'அயல் மகரந்தச் சேர்க்கை' ஆகியவற்றுக்கு அகராதி எதற்கு? ஆங்கிலேயக் குழந்தைக்கே கிரேக்கமும் இலத்தீனும் அயன்மொழிகள். நம் குழந்தையோ அயன்மொழியின் வழியாக வேறோர் அயன்மொழிச் சொல்லைப் பற்றிக்கொள்ளத் தவிக்கிறது. தாய்மொழியே கற்பிப்பதற்குச் சிறந்த வாயில் என்று யுனெசுக்கோ நிறுவனத்தின் அறிக்கை 1953-இலேயே கூறிற்று. அவ்வாயிலை அடைத்துவிட்டு, வீட்டுப்பாடத்துக்குத் தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேடி அலைகிறோம்.

இஃது ஏட்டுக் கல்வி பற்றிய கவலை மட்டுமன்று. நம் இல்லங்களில் மருத்துவர்க்கும் முதியோர்க்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் யார்? பேரப்பிள்ளைகளே. மருத்துவர் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பேசுகிறார். சேலத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வந்து மகனோடு தங்கியிருக்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கணையம் சரிவர இயங்காமையால் சர்க்கரை நோய் வந்தது என்று விளக்க வேண்டிய பேரனுக்குக் 'கணையம்' என்ற சொல்லே தெரியாது. ஐந்து நாள் உண்ண வேண்டிய மருந்தைக் காய்ச்சல் தணிந்ததென்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார் பாட்டி. எஞ்சிய நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகலாம், மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறலாம் என்று எடுத்துரைக்க, உயிரியலில் தொண்ணூறு மதிப்பெண் பெற்ற பேத்திக்கு வாய் வரவில்லை. கற்ற கல்வி சொந்த வீட்டு நோயாளிக்கு உதவாமற் போகுமாயின், அக்கல்வி யாருக்காக?

தமிழால் இயலாது என்பார்க்கு

'தமிழில் அறிவியலா? அதற்குரிய வலிமை தமிழுக்கு இல்லையே!' என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்முள்ளேயே உளர். வரலாறு அறியாமையே இக்கூற்றின் வேர். அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும் வெளிவந்தன. கடல் கடந்து வந்த அயலார் ஒருவர், அறுவை மருத்துவத்தையும் உடற்கூற்றையும் வேதியியலையும் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பிச் செய்து காட்டினார். தமிழராய்ப் பிறந்த நாம் தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைத் தமிழில் சொல்ல இயலாது என்கிறோம்!

தொரப்பள்ளியில் பிறந்து, நம் பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பயின்ற இராஜாஜி, 1916-இல் சேலத்தில் நண்பரோடு கூடி அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார். பூவும் மகரந்தமும் விதையும் பற்றிய தம் நூலுக்குத் 'தாவரங்களின் இல்லறம்' என்று பெயரிட்டார். வள்ளுவத்தில் பழகிய ஒரு சொல் தாவரவியலுக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது! சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொற்களைத் தொகுத்து அளித்தது. ஒரு தமிழ்ச் சங்கம் செய்த பணி அது என்பதை, சங்கம் வைத்து நடத்தும் நாம் மறத்தல் ஆகாது. 1954 முதல் 1968 வரை, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்பார் இன்றைய இலங்கையை நோக்குக. அங்கே தமிழ் மாணவர்கள் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிலேயே பயின்று, தேர்வையும் தமிழிலேயே எழுதி, மருத்துவப் படிப்பிற்குள் நுழைகின்றனர். நுழைந்தபின் ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர். அடிப்படை தமிழில் ஊன்றியிருத்தலால் அம்மாற்றம் அவர்களை வீழ்த்துவதில்லை. 'தமிழில் தொடங்கியவன் மேலே போக முடியாது' என்னும் அச்சத்திற்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

இனி, மறுபக்கத்தையும் காண்போம். மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வு 2017 முதல் தமிழிலும் நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு எழுந்தது. வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு சூலையில் ஆணையிட்டது; நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. நடுவே நின்று தவித்தவர் தமிழில் எழுதிய மாணவர். ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு வாழ்வு பிறழக்கூடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று இல்லை. இதனைக் காட்டித் தமிழைப் பழிப்போர் உண்டு. நாம் கேட்கிறோம்: அறிவியலும் தமிழும் ஒருங்கே அறிந்தோரை இச்சமுதாயம் போதிய அளவில் வளர்த்ததா? ஆய்வுக்கூடங்களும் தொழில்நுட்ப நிலையங்களும் நிறைந்த இப்பெங்களூருவில், கற்ற தமிழருக்குப் பஞ்சமில்லை. தம் துறையைத் தமிழில் பத்து நிமிடம் பேசக் கூடியவர்க்கே பஞ்சம்.

எல்லாம் அன்றே சொன்னோம் என்பார்க்கு

முன்னவர்க்கு நேர் எதிராக நிற்கும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்களால் விளையும் கேடு குறைந்ததன்று. 'இன்றைய அறிவியல் எதைக் கண்டுபிடித்தது? எல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்' என்று மேடையில் முழங்குவர்; அவையும் கைதட்டும். கைதட்டல் ஓய்ந்தபின் பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன? ஆராய வேண்டியதில்லை, பெருமைப்பட்டால் போதும் என்பதையே!

தொல்காப்பியத்தின் மரபியலையே எடுத்துக்கொள்வோம். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த அப்பகுதி, உயிர்களைப் புலன்களால் பாகுபடுத்திய அரியதொரு முயற்சி என்பதில் ஐயமில்லை. அங்கே சிதலும் எறும்பும் மூவறிவுயிர்கள். தொடுதல், சுவைத்தல், முகர்தல் அவற்றுக்கு உண்டு, காட்சி இல்லை என்பது கருத்து. இதனை மனப்பாடம் செய்வது ஒரு வழி. ஓர் உருப்பெருக்காடியை எடுத்து எறும்பின் தலையை நோக்குவது மற்றொரு வழி. நோக்கினால், பெரும்பாலான எறும்பு வகைகளுக்குக் கூட்டுக் கண்கள் உண்டு என்பது தெரியும். சிதலாகிய கறையானை நோக்கினால், பெரும்பாலான வகைகளில் வேலைக்காரக் கறையான்களுக்குக் கண் இல்லை என்பதும் தெரியும். ஒன்றில் பழங்கூற்று பெரிதும் பொருந்துகிறது, மற்றொன்றில் பொருந்தவில்லை.

இதனால் தொல்காப்பியர் பெருமை குன்றிற்றா? குன்றவில்லை. உயிர்களை உற்று நோக்கி வகுக்கத் துணிந்தவரின் வழியில் நாமும் உற்று நோக்கினோம். அவருக்கு நாம் செலுத்தும் மதிப்பு அதுவே. மரபணுக்களை ஆராயும் துறைக்கு இன்று 'மரபியல்' என்ற அதே பெயர் வழங்குகிறது. பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்று வாழ்கிறது. பழங்கருத்தும் சோதனையை ஏற்றே வாழ வேண்டும்.

அறிவியல் முறை அடுக்களையில் உண்டு

உயிரியற் பெயர்களைவிட அறிவியல் முறையின் சொற்களையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். உற்றுநோக்கல், வினா, கருதுகோள், சோதனை, மாறி, சான்று, முடிவு ஆகிய ஏழு சொற்களும் வீட்டுச் சொற்கள் ஆதல் வேண்டும். இவற்றைக் கற்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டா; இட்லி மாவு போதும்.

மார்கழி மாதத்துப் பெங்களூருவில் மாவு பொங்காது என்பதை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இல்லை. சித்திரையில் பாத்திரத்தை மீறி வழிந்த மாவு, மார்கழியில் அசையாமல் கிடக்கிறது. இது உற்றுநோக்கல். ஏன் என்று கேட்பது வினா. குளிரே காரணம் என்பது ஒரு கருதுகோள். உளுந்து பழையது என்பது இன்னொன்று. அரைத்துக் கரைத்தவரின் கைராசி என்பது மூன்றாவது. கருதிக் கொண்டதே கருதுகோள். அது மெய்யென்று இன்னும் ஆகவில்லை. ஒரே மாவை ஒரே அளவில் ஒத்த இரண்டு பாத்திரங்களில் ஊற்றுக. ஒன்றை அடுப்பருகே வெதுவெதுப்பான இடத்திலும், மற்றொன்றைச் சன்னலோரத்திலும் வைக்க. மாவு, உப்பு, பாத்திரம், நேரம், கரைத்த கை அனைத்தும் ஒன்றே. வெப்பநிலை மட்டுமே வேறு. வேறுபடுத்திய அந்த ஒன்றே மாறி. காலையில் மாவு எவ்வளவு உயர்ந்தது என்று அளவுகோலால் அளந்து எழுதுக; அது சான்று. ஒருநாள் கண்டது தற்செயலாக இருக்கலாமாதலால் மும்முறை செய்க. அதன்பின் உரைப்பதே முடிவு.

கைராசிக்கும் இவ்வாறே சோதனை வைக்கலாம். கரைக்கும் கையை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாற்றாது விடுக. வீட்டில் சிறிது சிரிப்பு எழும். சிறிது பூசலும் எழலாம். ஆயினும் ஒரு கூற்றை அதனைக் கூறியவரின் தகுதியால் ஏற்காமல், சான்றால் ஏற்பது எவ்வாறு என்பதைக் குழந்தை கற்றுவிடும். மாவுக்குள் நுண்ணுயிர்கள் இருப்பதையும், அவை வெதுவெதுப்பில் விரைந்து பெருகுவதையும், நொதித்தலால் எழும் வளிக்குமிழிகளே மாவைத் தூக்குவதையும் அதன்பின் சொன்னால், ஒரு பாடமே முடிந்தது. தாயும் பாட்டியும் அப்பாடத்தில் ஆசிரியர்கள். ஆங்கிலப் புத்தகத்தின் முன் ஒதுங்கி நின்ற அவர்கள், மாவின் முன் ஒதுங்க வேண்டியதில்லை. தொலைபேசியில் வந்து சேரும் வதந்தி மருத்துவங்களுக்கு, 'சான்று எங்கே?' என்று தமிழில் கேட்கும் பிள்ளையைவிடச் சிறந்த தடுப்பு இல்லை.

எந்தச் சொல் என்ற சண்டை

சொற்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எந்தச் சொல் தூயது என்ற சண்டையில் நேரம் கழிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் 'செல்' என்கிறது. சிலர் 'உயிரணு' என்பர். இலங்கைத் தமிழர் 'கலம்' என்பர். இங்கே 'திசு', அங்கே 'இழையம்'. இங்கே 'ஒளிச்சேர்க்கை', அங்கே 'ஒளித்தொகுப்பு'. இங்கே 'பரிணாமம்', அங்கே 'கூர்ப்பு'. இருக்கட்டும். 1665-இல் இராபர்ட் ஊக் தக்கையின் சீவலில் சிற்றறைகளைக் கண்டு இட்ட பெயரே 'செல்'. அதன் பொருள் அறை என்பதே. கன்னடம் அதனை 'ஜீவகோச' என்கிறது. எச்சொல்லை ஆண்டாலும் பொருள் விளங்க ஆண்டால் போதும். கிரீன் வழங்கிய 'அங்காதிபாதம்' இன்று வழக்கில் இல்லை. ஆள்வோர் அருகியதால் சொல்லும் அருகிற்று. சொல்லைக் கொல்வது பிறமொழிக் கலப்பைவிட, அதனை ஆளாமையே.

அண்டை வீட்டாரைப் பாருங்கள்

'கன்னட நாட்டில் இருந்துகொண்டு தமிழில் அறிவியல் பேசலாமா?' என்று தயங்குவோர்க்கும் ஒரு சொல். கன்னடத்தை நம் பிள்ளைகள் நன்கு கற்றாக வேண்டும். உண்ணும் மண்ணின் மொழியை அறியாமை நன்றி மறத்தலாகும். கற்றால் அம்மொழியிலிருந்து ஒரு பாடமும் பெறுவர். 1977-இல் ஞானபீடப் பரிசு பெற்ற நாவலாசிரியர் சிவராம காரந்த், சிறுவர்க்காகப் 'பால பிரபஞ்ச' நூலையும், நான்கு தொகுதிகளில் 'விஞ்ஞான பிரபஞ்ச' நூலையும் எழுதினார். நாவல் எழுதிய கை அறிவியல் எழுதக் கூசவில்லை. தாவரவியல் அறிஞர் பி. ஜி. எல். சுவாமி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றியவர். மாணவரோடு காடுமேடுகளில் செடிகொடி தேடி அலைந்த பட்டறிவைக் கன்னடத்தில் 'ஹசுரு ஹொன்னு' என்று நூலாக்கினார். 1978-இல் சாகித்திய அகாதெமி அதற்குப் பரிசளித்தது. தமிழ்நாட்டின் தலைநகரில் வாழ்ந்த கன்னடர் ஒருவர் தாவரவியலைத் தம் மொழியின் இலக்கியமாக்கினார். கருநாடகத்தின் தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் நம் மொழிக்கு எதனை ஆக்கினோம்?

ஆக்குதற்குப் பொருள் இல்லாமலா போயிற்று? தமிழ்க் குடும்பத்தில் 1922-இல் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், சென்னையில் கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போல் முறுக்குண்டது என்று 1954-இல் காட்டினார். பின்னர் இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை நிறுவினார். கயிறு திரிப்பதை அறிந்த எந்தத் தமிழருக்கும் இதனை விளக்கலாம். நம் விழாக்களில் எத்தனை முறை விளக்கினோம்?

செய்யத்தக்கது

நாம் கேட்பது பெரிதன்று. உயிரியலிலும் அறிவியல் முறையிலும் நூறு சொற்களைத் தெரிந்தெடுத்து, தமிழும் ஆங்கிலமும் கன்னடமும் இணைய, ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து, சிறு நூலாக வெளியிடுவோம். ஆண்டு விழாவின் பட்டிமன்றங்களுள் ஒன்றைக் குறைத்து, பிள்ளைகள் தம் சோதனையைத் தமிழில் விளக்கும் அரங்கு ஒன்றை வைப்போம். ஐதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்திற்குத் திங்கள்தோறும் பிள்ளைகளையும் பாட்டிமாரையும் ஒருங்கே அழைத்துச் செல்வோம்; மரத்தின் பெயரைப் பாட்டி சொல்லட்டும், இலையின் செயலைப் பேத்தி சொல்லட்டும். ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் தமிழர்களை அழைத்து மாலை அணிவிப்பதோடு விட்டுவிடாமல், அரைமணி நேரம் தமிழில் அவர்களது துறையைப் பேசச் செய்வோம். தடுமாறினால் தடுமாறட்டும்; பேசப் பேசவே நா பழகும்.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுக் காலம் மூடிக் கிடந்து, 2009 ஆகத்து 9-இல் திறக்கப்பட்டது. அந்நாளில் நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவ்வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடுமாறு மருத்துவனைப் பணிக்கிறார். சிலையின் திரை அகன்றது. நம் பிள்ளைகளின் அறிவுக்கும் நம் மொழிக்கும் இடையே தொங்கும் திரையை அகற்ற எந்த அரசின் இசைவும் வேண்டியதில்லை. எந்த நீதிமன்றத்தின் ஆணையும் வேண்டியதில்லை. சொற்கள் நம்மிடம் உள்ளன. இன்றிரவு உணவு வேளையில் ஒரு சொல்லை எடுத்து வழங்குவோம், நாளை மற்றொன்று.